மாப்பிள்ளைக்கு இரண்டு வலது கை

அந்த வீட்டில் வாரம் தவறாமல் துவைத்து, இஸ்திரி போட்ட சட்டை உடுத்தும் பாக்கியம் ஒருத்தருக்குத்தான் வாய்த்திருந்தது. வீட்டுக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் பாவம், கைக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு வயலுக்குப் போகிற மனிதர். அந்தப் பாக்கியசாலி, வீட்டுக்குப் பின்னால் பட்டாணி வயலின் நடுவே வைக்கோல் வயிற்றோடு நின்றுகொண்டிருந்த காவல் பொம்மை. ஒரு வேலையும் செய்யாமல் சலவைச் சட்டையில் விறைப்பாக நிற்பதால், வீட்டில் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர்.

இதற்கெல்லாம் காரணம் வீட்டுக்காரிதான். தெருவுக்கே அவள் டெய்லரக்கா. மேட்டுத் தெருவிலிருக்கும் ஜாம் கம்பெனியில் வேலை செய்கிற அத்தனை பேருக்கும் நீலமும் வெள்ளையும் பட்டை போட்ட சட்டை தைத்துக் கொடுப்பது அவள். வாரா வாரம் அவற்றை அள்ளிவந்து துவைத்துக் கொடுப்பதும் அவளே. கொல்லைப்புறத்தில் ஒரு பெரிய சிமெண்டுத் தொட்டி, ஒரே சோப்பு, வெயிலடித்தால் வயல் ஓரம் நெடுகப் பட்டை பட்டையாகக் கொடி. கழுத்தில் அளவு நாடா இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. தூங்கும்போதும் அது கழுத்திலேயே கிடக்கும் என்று வீட்டுக்காரர் கேலி செய்வார்.

அப்பேர்ப்பட்டவள் ஒரு நாள் துணியை இரண்டாக மடித்துப் போடாமல், ஒன்றன்பின் ஒன்றாகச் சட்டைக் கையை வெட்டிவிட்டாள். மடித்து வெட்டியிருந்தால் வலதும் இடதும் தானாக வந்திருக்கும். அன்று வந்தது இரண்டும் வலது. அதைக் கவனிக்காமல் தோளில் பொருத்தித் தைத்தும் முடித்து, விரித்துப் பிடித்துப் பார்த்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும், எழுதவும் சாப்பிடவும் தனித்தனிக் கை உள்ளவனுக்குத்தான் இது சரிப்படும் என்று சொல்லி, அதைக் கொண்டுபோய்ப் பொம்மைக்கு மாட்டிவிட்டார்.

பொம்மை நட்டதே ஒரு மானை விரட்டத்தான்.

வயலைத் தாண்டினால் ஓடை, ஓடையைத் தாண்டினால் காடு. அங்கிருந்து விடியற்காலையில் ஒரு பெண்மான் பட்டாணிக் கொழுந்து தின்ன வரும். வரும் என்று சும்மா சொல்லிவிட முடியாது. ஓடைக்கரையில் நின்று, சலவைத் தொட்டியோரம் இருக்கிற வாளியைப் பார்க்கும். நேற்று இருந்த வாளிதானா இது, வேறு ஏதாவது வாளி வேஷம் போட்டு வந்திருக்கிறதா என்று யோசிக்கும். ஒரு காலைத் தூக்கும், வைக்காது. கொடியில் துண்டு அசைந்தால் போச்சு, பாய்ந்து காட்டுக்குள் போய்விட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். கொழுந்தை வாயில் வைத்த பிறகும் ஒரு காது வீட்டைப் பார்த்தே இருக்கும். டெய்லரக்கா அதற்குச் சந்தேகக்காரி என்று பெயர் வைத்தாள். தையல் மெஷின் பின்பக்கத்து ஜன்னலோரம் இருந்தது. மான் வந்துவிட்டால் அவள் மெஷினை நிறுத்திவிடுவாள். அந்தக் கொஞ்ச நேரந்தான் நாள் முழுக்க அவளுக்குக் கிடைக்கிற ஓய்வு, சந்தோஷமும் அதுதான்.

வீட்டுக்காரருக்குக் கொழுந்துக் கவலை. அதோடு அவருடைய தங்கை வேறு தூபம் போட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டில் இருக்கிறாள், ஜாம் கம்பெனியில் கொப்பரை கிண்டுகிற வேலை, வாய் மட்டும் கொப்பரையைவிடப் பெரியது. கீழ்வரிசையில் காயே தங்குவதில்லை, எல்லாம் அண்ணி செல்லம் கொடுக்கிற மானின் வேலை என்று அண்ணனிடம் ஓயாமல் ஓதுவாள். மான் கொழுந்தைத்தானே தின்கிறது, காயைப் பறித்துத் தோலை உரித்தா தின்னும் என்று அந்த மனிதர் ஒரு நாளாவது யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை, பொம்மையை நட்டார்.

முதல் வாரம் சந்தேகக்காரி வயல் பக்கமே தலைகாட்டவில்லை. வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல். டெய்லரக்காவுக்குத்தான் மெஷின் ஓடவில்லை, நூல் அறுந்துகொண்டே இருந்தது. அந்தக் கோபமோ என்னவோ, மழையில் சேறு தெறித்து நின்ற மாப்பிள்ளையின் சட்டையைப் பார்த்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை. தெருவில் போகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி தன் தையல் அழுக்காகத் தொங்குவதா? கழற்றிக் கொண்டுவந்து கம்பெனிச் சட்டைகளோடு தொட்டியில் போட்டு அலசி, காயவைத்து, பட்டை கோணாமல் இஸ்திரி போட்டு மறுபடி மாட்டினாள். அடுத்த வாரமும் அதே. பிறகு அது பழக்கமாகிவிட்டது.

மானுக்கும் பழக்கமாகிவிட்டது. முதலில் தூரத்தில் நின்று மாப்பிள்ளையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. மறுநாள் வட்டம் சிறுத்தது. ஒரு நாள் கழுத்தை நீட்டி, சட்டை நுனியை முகர்ந்துவிட்டுத் தானே பயந்து ஓடியது. அதற்கப்புறம் என்ன, மாப்பிள்ளையின் கையில் கழுத்தைச் சொறிந்துகொள்வதும், மோவாயை அவன் கைமேல் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வதுமாக ஒரே உறவு. டெய்லரக்கா ஜன்னலில் நின்று பூரித்துப்போனாள். தான் தைத்த சட்டையில் ஒரு காட்டு மான் தலை சாய்க்கிறதென்றால் அது லேசான கொடுப்பினையா?

அப்புறம் ஒரு காலையில், வேலை மாறுகிற நேரம் ஜாம் கம்பெனிக்காரர்கள் ஓடையோரப் பாதையில் பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். எல்லார் உடம்பிலும் அதே பட்டைச் சட்டை, அதே சோப்பு வாசனை. சந்தேகக்காரி புதரிலிருந்து வெளியே வந்து, அவர்கள் நடுவில் நின்று, ஒருத்தி சட்டையில் ஒட்டியிருந்த ஜாமை நக்க ஆரம்பித்தது. ஆளாளுக்குப் போனை எடுத்தார்கள். மறுநாளிலிருந்து எல்லார் பையிலும் பிஸ்கட். கொஞ்ச நாளில் அது கம்பெனி வாசல்வரை நடந்து வர ஆரம்பித்துவிட்டது. இவ்வளவு வேடிக்கையும் தன் தையலால் வந்தது என்று டெய்லரக்காவுக்குத் தலைகால் புரியவில்லை, வனக்காவலர் அவள் வீட்டுப் படியேறுகிறவரைக்கும்.

அவர் மாப்பிள்ளையைச் சுற்றிப் பார்த்தார். சட்டையை முகர்ந்தார். கொடியில் காய்ந்த சட்டைகளையும் முகர்ந்தார். வாரா வாரம் பொம்மைக்குத் துவைத்துப் போடுகிறாயா என்று கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்கத் திண்டாடினார். உட்கார்ந்து ஒரு தம்ளர் தண்ணீர் குடித்த பிறகுதான் அவர் முகம் மாறியது.

"அக்கா, மான் முகத்தைப் பாத்து ஆள் அடையாளம் வெச்சுக்காது. பட்டையும் வாசனையும்தான் அதுக்குக் கணக்கு. இந்தச் சட்டை போட்டவன் எவனும் பொம்மை, ஒண்ணும் செய்ய மாட்டான்னு அது முடிவு பண்ணிடுச்சு."

அதிலென்ன தப்பு என்று அவள் கேட்டாள். கம்பெனியில் கொதிகலன் பார்க்கிற ஆள் ஒருத்தன், கறி தானா நடந்து வருது, கயிறுகூட வேண்டாம் என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறானாம். அவன் சொல்லாவிட்டாலும் கம்பெனி வாசலில் பழ லாரிகள் திரும்புகிற இடம், நேற்றே ஒரு லாரி மயிரிழையில் நிறுத்தியதாம். அதனால் சனிக்கிழமை காலை கூண்டு வண்டி வருகிறது, மானைப் பிடித்துப் போய்ப் பூங்காவில் அடைத்துவிடுவது என்று முடிவாகியிருக்கிறது என்றார்.

டெய்லரக்கா ஓடைக்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வாளியைப் பார்த்துச் சந்தேகப்படுகிற ஜீவன், கம்பிக்குப் பின்னால் நின்று நாள் முழுக்க ஆயிரம் முகத்தைப் பார்க்க வேண்டுமா? அதுவும் தான் துவைத்த சட்டையை நம்பியதற்காகவா? அவள் வேறு வழியே இல்லையா என்று மன்றாடினாள். வனக்காவலர் நல்ல மனிதர்தான். சனிக்கிழமை தான் பார்க்கும்போது அந்தச் சட்டையைக் கண்டு மான் ஓடினால், வண்டியை அப்படியே திருப்பிக்கொண்டு போய்விடுவதாகச் சொன்னார்.

"தூரத்துல நின்னு கத்தினா மறந்துடும். அது நம்பிச் சாய்ற நேரத்துல பயம் காட்டணும், அப்பத்தான் பயம் ஒட்டும்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அவள் முதலில் சுலபமான வழியெல்லாம் பார்த்தாள். கம்பெனி வாசலில் போய் நின்று, மானை விரட்டுங்கள் என்று ஒவ்வொருத்தரிடமும் கெஞ்சினாள். எல்லாரும் தலையைத் தலையை ஆட்டினார்கள், கை மட்டும் பிஸ்கட் பையிலேயே இருந்தது. வீட்டுக்காரர் சலவைக்கு வந்ததில் பெரிய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வயலில் நின்றார். அவருக்குத் தீராத இருமல். ஒரு இருமல்தான், சந்தேகக்காரி பறந்துவிட்டது. வேலை முடிந்தது என்று அவர் மார்தட்டிக்கொண்டு வந்தார். அது சட்டையைப் பார்த்து ஓடவில்லை, பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய இருமலுக்கு ஓடியது. அன்று சாயங்காலமே கம்பெனி வாசலில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. வேறு வழியில்லை. விடிகிற நேரத்தில் அவள் மாப்பிள்ளையைப் பிடுங்கிக் கொட்டகையில் சாத்தினாள். இரண்டு வலது கை வைத்த அந்தச் சட்டையைத் தானே போட்டுக்கொண்டாள். சாக்குப்பையில் கண்ணுக்கு ஓட்டை போட்டுத் தலையில் கவிழ்த்து, அதன்மேல் வைக்கோல் தொப்பி, இடுப்புக் கயிற்றில் ஒரு காலி ஜாம் டின்னும் கரண்டியும். வீட்டுக்காரரை, உயிரே போனாலும் இருமக் கூடாது என்று சொல்லி உள்ளே போட்டுக் கதவைச் சாத்தினாள். அப்புறம் கையை விரித்துக்கொண்டு மாப்பிள்ளை நின்ற இடத்தில் நின்றாள்.

நிற்கும்போதுதான் தெரிந்தது, இரண்டு வலது கைச் சட்டையில் இடது கையை நீட்டினால் அக்குளில் எப்படிப் பிடிக்கும் என்று. இப்படியா வெட்டுவாள் ஒரு பொம்பளை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மூக்கு அரித்தது. ஒரு காக்கா வந்து வலது கையில் உட்கார்ந்து, அவளை ஒரு தரம் உற்றுப் பார்த்துவிட்டுச் செய்யக் கூடாததைச் செய்துவிட்டுப் பறந்தது. அவள் அசையவில்லை.

அப்போது காலடிச் சத்தம் கேட்டது. மானின் காலடி அல்ல. ஓட்டை வழியாகப் பார்த்தால், கம்பெனிக்குக் கிளம்பிய கோலத்தில் பட்டைச் சட்டையும் தோளில் பையுமாக நாத்தனார் வருகிறாள். இருபுறமும் பார்த்துக்கொண்டாள். நேராகக் கீழ்வரிசையில் குந்தி, பழகிய கையால் மளமளவென்று பட்டாணிக் காயைப் பறித்துப் பையில் போட ஆரம்பித்தாள்.

டெய்லரக்காவுக்குக் கொதித்தது. மான், மான் என்று இத்தனை நாள் ஓதிய மகராசியின் வேலையா இது! ஒரு அதட்டல் போட வாயெடுத்தவள் அப்படியே விழுங்கிக்கொண்டாள். ஓடைக்கரையில் சந்தேகக்காரி நின்றுகொண்டிருந்தது.

நாத்தனார் பையை நிரப்பிக்கொண்டே பொம்மையைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தாள். தினமும் பேசுகிறாள் போலிருக்கிறது.

"என்ன மாப்பிள்ளை, பாத்துக்கிட்டே நிக்கிறீங்க? உங்க மாமியார்கிட்ட கோள் சொல்லிடாதீங்க. கேட்டா அள்ளிக் குடுப்பாங்க, எனக்குத் தெரியும். ஆனா கேக்கணுமே. மழைக்கு முன்னாடி குடுத்தேன் ஒரு துணி, ஒரு சட்டை தெச்சுக் குடுங்க அண்ணின்னு. உங்களுக்கு வாரா வாரம் துவைக்க நேரம் இருக்கு, எனக்கு நாலு தையல் போட நேரம் இல்ல. அந்தக் கோபத்துக்குத்தான் இந்தக் காய்."

சாக்குப்பைக்குள்ளே அவளுக்கு முகம் சிவந்தது. அந்தத் துணி அலமாரியின் அடித்தட்டில், ஊருக்கெல்லாம் தைத்த துணிகளுக்குக் கீழே கிடக்கிறது. நாளைக்கு, நாளைக்கு என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தது வாஸ்தவந்தான்.

மான் வந்துவிட்டது. பட்டைச் சட்டை இரண்டு இருப்பதைப் பார்த்து அதற்கு ஒரு தயக்கமும் இல்லை. நேராக நாத்தனாரிடம் போய்ப் பையில் மூக்கை விட்டது. அவள் ஒரு பிடி காயை எடுத்து அதன் வாயில் கொடுத்து, நெற்றியைத் தடவினாள். நல்லா தின்னு, பழி உனக்குத்தானே போகுது, பங்கு தராமல் இருந்தால் நியாயமா என்று அதனிடம் சொன்னாள்.

தின்று முடித்துச் சந்தேகக்காரி மாப்பிள்ளையிடம் வந்தது. கழுத்தை நீட்டி, மோவாயைத் தூக்கி, விரிந்திருந்த கையின்மேல் வைத்துக்கொண்டது.

இத்தனை நாள் ஜன்னலில் பார்த்த முகம். இப்போது அதன் சூடான மூச்சு அவள் விரல்களில் படுகிறது. கண்ணைச் சுற்றி வெளிறிய வளையம், ஈரமான கறுத்த மூக்கு, காதோரம் ஒரு பழைய வடு. கண் மெல்ல மூடிக்கொண்டது. கையைக் கொஞ்சம் திருப்பினால் போதும், ஒரே ஒரு தரம் அந்தக் கழுத்தைத் தடவிவிடலாம். அவளுக்கு வாழ்க்கையில் எதன்மேலும் அப்படி ஒரு ஆசை வந்ததில்லை. தடவினால், அப்புறம் தன்னால் முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

தடவவில்லை. தொண்டை கிழிய ஒரு கத்து கத்தினாள்.

கத்திக்கொண்டே டின்னையும் கரண்டியையும் உருவித் தட்டினாள், இரண்டு வலது கையையும் வீசினாள், தொப்பி பறந்தது. மான் நாலு காலும் தரையில் படாமல் எழும்பியது. அந்தப் பக்கம் நாத்தனார், மாப்பிள்ளைக்கு உயிர் வந்துடுச்சு என்று குய்யோ முறையோவென்று அலறி, பையைத் தூக்கி எறிந்துவிட்டு ஓட, மிரண்ட மானும் அதே பக்கம் திரும்ப, பட்டைச் சட்டை ஒன்று முன்னால் அலறுகிறது, இன்னொன்று பின்னால் டின்னடித்து வருகிறது என்று அதற்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. வயலை ஒரு சுற்றுச் சுற்றி, ஒரே தாவில் ஓடையைத் தாண்டியது. டெய்லரக்கா விடவில்லை. ஓடைக்குள் இறங்கி, முழங்கால் நனைய நின்று, ஓடு, போ, இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் காலை ஒடிப்பேன் என்று கத்தினாள். கத்தும்போது சாக்குப்பைக்குள் கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

அக்கரையில் மான் ஒரு கணம் நின்று திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வையை அவள் கடைசிவரை யாரிடமும் சொன்னதில்லை. பிறகு அது காட்டுக்குள் போய்விட்டது.

சாக்குப்பையைக் கழற்றிக்கொண்டு அவள் திரும்பியபோது, பட்டாணிக் கொடிகளுக்கு நடுவே நாத்தனார் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி?"

"ம்."

"எல்லாத்தையும் கேட்டீங்களா?"

"கேட்டேன். சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்து அளவு குடு. இன்னிக்கே வெட்டுறேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சிந்தின காயைப் பொறுக்கிக்கிட்டுப் போ. உங்க அண்ணன் கண்ணுல பட்டா நான் என்னத்தைச் சொல்றது," என்றாள்.

உள்ளேயிருந்து வீட்டுக்காரர், இனிமேல் இருமலாமா என்று கேட்டார்.

சனிக்கிழமை காலை கூண்டு வண்டி வந்து ஓடையோரம் நின்றது. வேலை மாறுகிற நேரம், பாதை முழுக்கப் பட்டைச் சட்டைகள். டெய்லரக்கா வண்டிக்குப் பக்கத்தில், அளவு நாடாவின் இரு முனைகளையும் முறுக்கிக்கொண்டு நின்றாள். புதர் அசைந்தது. சந்தேகக்காரி தலையை நீட்டியது. எவனோ ஒருத்தன் பழக்கதோஷத்தில் பிஸ்கட்டை நீட்டி, வா வா என்றான். அவளுக்கு மூச்சே நின்றுவிட்டது. மான் அந்தச் சட்டையைப் பார்த்தது. ஒரு காலைத் தூக்கியது, வைக்கவில்லை. அடுத்த கணம் வெள்ளை வால் மட்டும் தெரிந்தது, அதுவும் மறைந்தது.

வனக்காவலர் வெகுநேரம் காத்திருந்தார். பாதையில் இன்னும் இரண்டு மூன்று கூட்டம் போய் வந்தது, மான் எட்டிப் பார்க்கவில்லை. வெறும் கூண்டோடு வண்டியைத் திருப்பினார். போகும்போது அந்த வீட்டுப் பட்டாணி ஒரு பை அவர் மடியில் இருந்தது, கீழ்வரிசைக் காய்.

நாத்தனாரின் சட்டை ஞாயிற்றுக்கிழமையே தயாராகிவிட்டது. வலது ஒன்று, இடது ஒன்று என்று அவள் சரிபார்த்துத்தான் வாங்கிக்கொண்டாள். மாப்பிள்ளை மறுபடி வயலுக்குப் போனார், ஆனால் சோப்பு வாசனை மானுக்கு மறுபடி பழகிவிடக் கூடாதென்று சலவை நின்றுவிட்டது. மழை, தூசி, காக்காய் எச்சம், வீட்டுக்காரர் வேர்வை துடைத்துப் போட்ட துண்டு எல்லாம் சேர்ந்து அந்தச் சட்டை பார்க்கச் சகிக்காது. தெருவில் போகிறவர்கள், என்ன டெய்லரக்கா, உங்க தையலா இது என்று கேட்பார்கள். அவளுக்குக் கை பரபரக்கும். ஆனாலும், ஆமாம், என் தையல்தான் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

சந்தேகக்காரி இப்போதும் வருகிறது, ஓடைக்கரை வரைக்கும். அங்கே நின்று வாளியைப் பார்க்கிறது. மாப்பிள்ளையைப் பார்க்கிறது. ஜன்னலைப் பார்க்கிறது. அதற்கு இந்த வீட்டில் எதன்மேலும் நம்பிக்கை இல்லை. டெய்லரக்கா மெஷினை நிறுத்திவிட்டு, ஆசை தீரப் பார்ப்பாள். பார்த்து முடித்ததும் எழுந்து, ஜன்னல் கம்பியில் கத்திரிக்கோலால் ஓங்கி ஒரு தட்டு தட்டுவாள். மான் பாய்ந்து ஓடும்.

"அப்படித்தான்டி, என் கண்ணு," என்பாள். "யாரையும் நம்பாத. என்னையும்தான்."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்தபடியே மறுபடி மெஷினை மிதிக்க ஆரம்பிப்பாள்.